பனையந்துறைப் பள்ளிக்கு லாக்கர் வாங்கிய கதை

ஆடிக் காற்று உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் மணலை வாரிக்கொண்டு வர ஆரம்பித்த வாரத்தில், பனையந்துறை மேல்நிலைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பொருள்கள் இடம் மாறத் தொடங்கின. ஒருவர் பையில் இருந்தது மணி ஓய்ந்ததும் இன்னொருவர் பையில் இருந்தது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, யாரும் கைவிட்டு எடுக்கவில்லை, பறந்து போனதையோ நகர்ந்து போனதையோ பார்த்தவர்களும் இல்லை. எது யாரிடம் இல்லையோ, இல்லாமல் யார் சிரமப்பட்டார்களோ, அவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு உள்ளே மட்டும், ஒரு பைக்குள் அடங்குகிற பொருள்கள் மட்டும், பள்ளிக்கூடம் நடக்கிற நாள்களில் மட்டும்.

முதல் மூன்று நாள் அதைத் திருட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஜோதிமுத்து பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பைகளைக் கொட்டிப் பார்த்தார். அடுத்தவன் காம்பஸ் பெட்டியை வைத்திருந்த இரண்டு பையன்களை வெயிலில் முட்டிபோட வைத்தார். நான்காம் நாள் மதியம் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனால், உள்ளே வருகிறவர்கள் பெயரைப் பதினோரு வருஷமாகக் கண் தெரியாமல் உத்தேசமாகக் கிறுக்கிவந்த காவலாளி அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜோதிமுத்து கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்தார். மறுநாள் மணி அடித்ததும் அது திரும்பவும் காவலாளியின் தூக்குவாளிப் பைக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவர் அந்த இரண்டு பையன்களையும் கூப்பிட்டு, தப்பு என்மேல்தான் என்று சொன்னார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் திருட்டு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மாமார்கள் பென்சில் ஒன்று வேண்டுமென்றால் இரண்டாக வாங்கினார்கள், ஸ்டேஷனரிக் கடைக்காரர் எல்லாவற்றையும் ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டார், பிள்ளைகளுக்கு இட்லி வைக்கிறவர்கள் நான்கு கூடுதலாக வைத்து, போகிறது போக மிச்சம் உனக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், கைபேசி வரும் என்று நம்பி, மகனிடம் பெரிய காலிப்பையைக் கொடுத்துவிட்டார். வந்தது ஒரு குடற்புழு மாத்திரை. மூன்று நாளும் அதே மாத்திரை வந்தது. நான்காம் நாள் அதை விழுங்கக் கொடுத்தார், பையனுக்கு ஒரு வருஷமாக இருந்த வயிற்றுவலி நின்றது. கோயிலில் ஒரு விசேஷ பூஜை செய்தார்கள், மாதா கோயிலில் ஒரு திருப்பலி வைத்தார்கள், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பேசினார்கள். மூன்று இடத்திலும் அது எங்களால்தான் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் யாருக்கு என்ன வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

வேதியியல் ஆசிரியை பாக்கியசீலிக்கு மட்டும் இது பழகவே இல்லை. அவளுக்கு நாற்பத்து நான்கு வயது, கணவன் கப்பலில் ஃபிட்டர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான், பிள்ளைகள் இல்லை. அவள் கைப்பையிலிருந்து குடை போனது, சீப்பு போனது, தலைவலி மாத்திரை அட்டை போனது, ஏழு பேனாவும் ஒரு ஜோடிச் செருப்பும் போயின. எதுவும் வரவில்லை. மணி அடித்ததும் பையைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், ஆய்வகத்தில் போய்க் குடுவைகளைக் கழுவுவாள், கழுவியதையே மறுபடி கழுவுவாள், பாதியில் விட்டுவிட்டு வந்து பையைத் திறந்து பார்ப்பாள். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கணக்கு டீச்சருக்குக்கூட ஒரு நாள் பச்சை நிற நூல்கண்டு ஒன்று வந்தது. எனக்கு மட்டும் எதுவுமே வேண்டாமா, இல்லை, எனக்கு வேண்டியது இந்தச் சுவருக்குள் யாரிடமும் இல்லையா என்று அவள் யோசித்தாள். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஆவணியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடியது. தலைவர் மகராஜபாண்டியன் அறுபது ஏக்கர் உப்பளத்துக்குச் சொந்தக்காரர். பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரின் அம்மாமார்கள் அவருடைய பாத்தியில்தான் உப்பு வாரினார்கள். அவர் மகன் நிரஞ்சன் பதினொன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளியிலேயே அதிகமாகப் பொருள் போனது அவன் பையிலிருந்துதான். போவதைப் பற்றித் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று மகராஜபாண்டியன் சொன்னார், அது நிஜமும்தான், அவர் கருமி அல்ல. ஆனால் எதற்கும் ஒரு முறை வேண்டும், பைகள் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லாக்கர் வாங்கலாம், தன் பங்காகப் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் தேவஇரக்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எது துருப்பிடிக்கும் எது பிடிக்காது என்று தெரிந்தவர் பாக்கியசீலி டீச்சர்தான் என்று சொல்லி, தேர்ந்தெடுக்கிற வேலையை அவள் தலையில் கட்டினார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மதுரையிலிருந்து ஹரிகரன் என்ற விற்பனையாளர் மாதிரிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெயின்ட் அடித்த இரும்பில் ஒன்று, பிளைவுட்டில் ஒன்று, கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒன்று. பாக்கியசீலி மூன்றையும் காற்று நேராக அடிக்கிற மேற்கு வராந்தாவில் நிறுத்தி, தினமும் காலையில் தடவிப் பார்த்தாள். இரும்புப் பெட்டியின் கீல் ஒன்பதாம் நாள் துருவேறி, திறந்தால் நாய்க்குட்டி மாதிரி அனத்தியது. பிளைவுட் உப்பீரத்தில் ஊதிக் கதவு மூட மறுத்தது. பிளாஸ்டிக் மட்டும் கொண்டுவந்த மாதிரியே நின்றது. மூன்றிலும் அவள் ஒரு நோட்டும் பிஸ்கட் பொட்டலமும் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். சாவிப் பூட்டு, நம்பர் பூட்டு, இரண்டும் சேர்த்து என்று எப்படிப் பூட்டினாலும் மணி அடித்ததும் பிஸ்கட் போய்விட்டது. நோட்டு சில நாள் போனது, சில நாள் இருந்தது. ஹரிகரன் தலையைச் சொறிந்து, எங்கள் பூட்டில் குறை இல்லை டீச்சர் என்றார். இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

பூட்டால் நிறுத்த முடியாது என்று கேள்விப்பட்டதும் மகராஜபாண்டியன் இன்னொரு யோசனை சொன்னார். கதவுக்குப் பதில் கம்பிவலை வைக்கலாம். உள்ளே இருப்பது வெளியே தெரியும், எது எங்கே போனது என்று எல்லாரும் பார்க்கலாம், காற்றோட்டமும் இருக்கும். ஹரிகரனிடம் அப்படி ஒரு மாதிரியும் இருந்தது. தலைமையாசிரியருக்கு அது நியாயமாகப் பட்டது. பாக்கியசீலிக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. வலையென்றால் பூஞ்சை பிடிக்காது என்று குறித்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் சந்தனமாரி பள்ளிக்கு வராமல் நின்றாள்.

சந்தனமாரி பதினொன்றாம் வகுப்பில் இரண்டாம் பெஞ்சு. அப்பா இல்லை, அம்மா பூரணம் உப்பளத்தில். நிரஞ்சன் பையிலிருந்து போனது எவ்வளவு அதிகமோ, சந்தனமாரி பைக்கு வந்தது அவ்வளவு அதிகம். செருப்பு வந்தது, தேங்காய் எண்ணெய் வந்தது, பரீட்சை அட்டை வந்தது, ரொட்டி வந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் தங்கள் சோற்றை விட்டுவிட்டு அவள் பெஞ்சைச் சுற்றி நின்று, இன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை, ஒரு வேடிக்கைதான். ஒரு நாள் மதியம் பை வாய் திறந்து பெஞ்சுமேல் இருந்தபோது, காகிதத்தில் சுற்றிய அவித்த முட்டையும், ஒரு பாவாடையும், நாப்கின் பாக்கெட் ஒன்றும் வந்து மேலாகக் கிடந்தன. பையன்களும் நின்றிருந்தார்கள். அந்தப் பாவாடையைப் பார்த்த ஒரு பெண், அது என்னுடையதுதான், பரவாயில்லை நீ வைத்துக்கொள் என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். சந்தனமாரி பையை மூடினாள், கடைசி மணிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள், மறுநாளிலிருந்து வரவில்லை.

ஆறாவது நாள் பள்ளி விட்டதும் பாக்கியசீலி உப்பளத்துக்குப் போனாள். வெயில் சாய்ந்தும் பாத்திகள் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தன. பூரணமும் சந்தனமாரியும் பலகையால் உப்பை வாரி வரப்பில் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கால்களைவிட மகளின் கால்கள் அதிகமாக வெடித்திருந்தன, அவளுக்கு இன்னும் பழகவில்லை. பூரணம் டீச்சரைக் கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு வந்து, தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டதாகவும், சும்மா கிடைக்கிறதை வேண்டாமென்று சொல்கிறவளை என்ன செய்வதென்றும் கேட்டாள். பாக்கியசீலி சந்தனமாரியிடம் என்ன பேசுவது என்று யோசிக்காமலே வந்திருந்தாள். பரீட்சை வருகிறது என்றாள், உனக்கு நல்ல மூளை என்றாள், இதற்கெல்லாம் வெட்கப்படலாமா என்றாள். சொல்லும்போதே அவை யாரிடமும் ஒட்டாத பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது.

சந்தனமாரி வாருவதை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுல என்னென்ன இல்லேங்கது எனக்குத் தெரியும் டீச்சர். அதை எதுக்கு வகுப்பு பூராவும் பாக்கணும்?"

காற்று உப்புத் தூளை எடுத்து இருவர் முகத்திலும் போட்டது. லாக்கர் வரப்போகிறது என்றாள் பாக்கியசீலி.

"கம்பிவலைன்னு சொல்லுதாங்க. நிரஞ்சனோட அப்பா வந்து எங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க, இனிமே யார் கொடுத்தான்னு உங்களுக்குத் தெரியும், நன்றியோட இருக்கலாம்னு." அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "கதவு வச்ச பெட்டி ஒண்ணு இருந்தா நான் வருவேன் டீச்சர். ஓட்டை இல்லாத கதவு."

திரும்பி வருகிற வழியெல்லாம் பாக்கியசீலிக்குக் கால் நிலைகொள்ளவில்லை. பஸ்ஸுக்காக நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள், அங்கேயும் நிற்க முடியாமல் அதற்கடுத்த நிறுத்தம்வரை நடந்தாள், அப்படியே வீடு வந்துவிட்டது. தினமும் தன் பையைத் திறந்து ஏமாந்துகொண்டிருந்த நாள்களில், வந்து சேர்கிற பொருள் ஒருத்தியை இப்படிச் சுடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் அவள் ஹரிகரனுக்கு ஃபோன் செய்து, நான்கு அறை கொண்ட இரண்டு மாதிரிகளை வரவழைத்தாள். ஒன்றில் கம்பிவலை, இன்னொன்றில் முழுக்கதவு. இரண்டையும் பதினொன்றாம் வகுப்பு வாசலில் வைத்து, எட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தன் மகனுக்கு வலைதான் வேண்டும், மறைக்க எங்களுக்கு எதுவும் இல்லை என்று மகராஜபாண்டியன் சொல்லியனுப்பியதால், நிரஞ்சனுக்கு வலைப்பெட்டி. ஒரு வாரம் அப்படியே விட்டாள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரையும் கழகத் தலைவரையும் கூட்டிவந்து காட்டினாள். கதவுப் பெட்டிகளில் அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே பிள்ளைகள் எடுத்துவிட்டிருந்தார்கள். புத்தகத்தைத் தவிர எதுவும் மிச்சமில்லை. வலைப்பெட்டிகளில் வந்தது வந்தபடியே கிடந்தது. எறும்பு மொய்த்த பன், புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடி காலுறை, சத்து மாத்திரை அட்டை. இது யாருடையது என்று தேவஇரக்கம் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். என்னுடையது இல்லை சார் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மூன்றடி தூரத்தில் நிற்கிற தலைமையாசிரியரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே ஒரு பையன், எனக்குக் கண்ணாடி தேவையில்லை சார் என்றான். நிரஞ்சன் பெட்டியில் மட்டும் எதுவும் வரவில்லை. அவன் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தலைமையாசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். மகராஜபாண்டியன் கோபமில்லாமல், உண்மையாகவே கேட்கிற குரலில் கேட்டார்.

"கொடுக்குதவன், யாருக்குக் கொடுக்குதோம்னு தெரிஞ்சுக்கக்கூடாதா டீச்சரம்மா?"

"நீங்க கொடுக்கல அண்ணாச்சி," என்றாள் பாக்கியசீலி. "அது போகுது."

சொன்னபிறகுதான் அதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் முகம் கறுத்தது, எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், என் பெயர் தெரியவேண்டாமென்றால் என் பணமும் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தேவஇரக்கம் வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் பயந்த சுபாவக்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது அவரை என்னவோ செய்துவிட்டது. பணத்துக்குப் பழைய மாணவர்களுக்கு எழுதிப் பார்க்கலாம், நீங்கள் ஆர்டரை எழுதுங்கள் என்றார்.

அவள் எழுதினாள். கெட்டிப் பிளாஸ்டிக், சாம்பல் நிறம், முழுக்கதவு. காற்றுப்போக ஓட்டைகள் அடித்தட்டில் மட்டும், குனிந்து பார்த்தாலும் உள்ளே தெரியாதபடி. மேல்வரிசை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தைத் தாண்டக்கூடாது. கதவில் பெயர் ஒட்ட இடம் வேண்டாம், எண் போதும். நீள வராந்தாவில் ஒன்றையொன்று பார்த்தபடி நிறுத்தாமல், தூணுக்குத் தூண் மறைவாக, திறக்கிறவரின் உடம்பே திரையாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். ஹரிகரன் படித்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் பாதுகாப்புக்காக லாக்கர் கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார்.

புரட்டாசி கடைசியில் லாக்கர்கள் வந்து இறங்கின. இரண்டு நாள் கழித்து சந்தனமாரி வந்தாள், வெடித்த காலோடு, நொண்டிக்கொண்டு. தனக்குக் கொடுத்த எண்ணைப் பார்த்தாள், கதவை இரண்டு தடவை திறந்து மூடினாள், வகுப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதன்பின் பள்ளிக்கூடம் வேறு மாதிரி ஆனது. மணி அடித்ததும் கூட்டம் கூடுவது நின்றது. பிள்ளைகள் தங்கள் பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, மூடிப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். ஆசிரியர்கள் அந்த ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். எதுவும் வராது என்று எல்லாரும் நினைத்திருந்த பிள்ளைகளும், டாக்டர் மகள், படகுக்காரர் பேத்தி, தலைமையாசிரியரின் தங்கை மகன்கூட, சில நாள்களில் அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டி நின்றார்கள். நிரஞ்சன் எல்லாரையும்விட நெடுநேரம் நின்றான்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம், மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மகராஜபாண்டியன் குடையோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதமாக அவர் பள்ளிப்பக்கம் வரவில்லை. பாக்கியசீலி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மழையில் உப்பளம் மூடிவிட்டதையும், இந்த வருஷம் சீக்கிரமே தண்ணீர் ஏறிவிட்டதையும் பற்றிப் பேசினார். நிரஞ்சன் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டார். முன்பெல்லாம் அவன் வீட்டுக்கு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான் என்றும், ஒரு மாதமாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றும், நேற்று தன் தட்டில் இருந்த மீனுக்கு அவனே முள் எடுத்துக் கொடுத்தான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் குடைக் கம்பியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பெட்டிக்குள்ள என்ன வந்துச்சு டீச்சரம்மா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"அவன்கிட்ட கேட்டேன். 'என்கிட்ட இல்லாதது'ன்னான். அவன்கிட்ட என்ன இல்லேன்னு நானும் நாலு நாளா யோசிக்கேன்."

அவர் பதிலுக்கு வந்ததாகத் தெரியவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கீழே சிறு குட்டையாகிவிட்டது. போகப்போகிறவர் மாதிரி வாசல்வரை போனார், பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஒரு பெட்டி மிச்சம் இருக்கா?"

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவோடு ஊர் மாறிப் போனதில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. யாருக்கு என்று பாக்கியசீலி கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து, எண்ணைச் சொல்லிக் கொடுத்தாள். தெற்குத் தூணுக்குப் பின்னால், கீழ்வரிசையில் இருந்தது அது. அவ்வளவு பெரிய மனிதர் நனைந்த தரையில் ஒரு முழங்காலை ஊன்றித்தான் திறக்க வேண்டியிருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புகளிலிருந்து வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவரவர் கதவைத் திறந்தார்கள், அவரவர் கதவை மூடினார்கள், ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். பாக்கியசீலி மழையைப் பார்த்தபடி திரும்பி நின்று, கடைசிக் கதவு மூடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டாவது மணி அடித்தபோதும் தெற்குத் தூணுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை.